வங்கி இணைந்தால் கணக்கு என்னாகும், கிளை என்னாகும்?

வங்கியின் கண்ணாடிக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டப்படுகிறது. இன்ன திகதியிலிருந்து இந்த வங்கி இன்னொரு வங்கியுடன் இணைந்து இயங்கும், வாடிக்கையாளர் சேவைகள் தடையின்றித் தொடரும் என்று மூன்று மொழிகளிலும் நாலு வரிகள். கொழும்பில் அதைப் படிப்பவர் பெரும்பாலும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அதே நாலு வரி ஊரெல்லாம் பேச்சாகிவிடும். வைத்த நகை திரும்பக் கிடைக்குமா, வைப்புக் காசு யாருடைய கைக்குப் போகிறது என்ற கேள்விகள் எழும். முதிர்வுக்கு இரண்டு மாதமே இருக்கும் நிலையான வைப்பை, வட்டியை இழந்து உடைத்து எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு.

இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. வன்னி மக்கள் ஒரு வைப்பகம் முழுதாக இல்லாமற்போனதைக் கண்டவர்கள். ஆனால் ஒரு வங்கி இல்லாமற்போவதும் இன்னொன்றுடன் இணைவதும் சட்டத்தின் முன் வெவ்வேறு காரியங்கள். இணைப்பில் பணம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கவனமாகப் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: ஒன்று பதிவேடு, மற்றது கிளை. அவற்றைப் பற்றித்தான் அறிவித்தலில் ஒரு சொல்லும் இருப்பதில்லை.

எதெல்லாம் "இணைப்பு"?

வங்கித் துறையில் நடக்கும் நான்கு வேறு காரியங்களை ஊர்வழக்கில் இணைப்பு என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். குழப்பத்தின் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

1. பாராளுமன்றச் சட்டத்தால் இணைப்பது. தனிச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட அரச வங்கிகளை இணைப்பதற்கு இன்னொரு சட்டம் தேவை. பிரதேச அபிவிருத்தி வங்கி இப்படி வந்ததுதான்.

2. கம்பனிச் சட்டத்தின் கீழ் இணைப்பது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1955 இல் தொடங்கிய டி.எப்.சி.சி. வங்கியும் அதன் துணை நிறுவனமான டி.எப்.சி.சி. வர்தன வங்கியும் 2015 ஒக்டோபர் 1 ஆம் திகதி ஒன்றானது இந்த வகை.

3. கிளைகளையோ ஒரு வணிகப் பிரிவையோ விற்பது. வங்கி தொடர்ந்து இருக்கும். வாடிக்கையாளர்களும் அவர்களது கணக்குகளும் மட்டும் கைமாறும். 1970 இல் ஹட்டன் நஷனல் வங்கி உருவானபோது, நஷனல் அன்ட் கிரின்ட்லேஸ் வங்கியின் கண்டி, நுவரெலியாக் கிளைகள் இப்படித்தான் அதனிடம் வந்தன. எச்.எஸ்.பி.சி. தன் இலங்கைச் சில்லறை வங்கிப் பிரிவை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்கு விற்கப்போவதாக 2025 செப்டெம்பரில் அறிவித்ததும் இதே வகையைச் சேர்ந்தது.

4. ஒரே வங்கி தன் இரண்டு கிளைகளை ஒன்றாக்குவது. இது வங்கி இணைப்பே அல்ல. ஒரு கிளை மூடப்படுகிறது, அதன் கணக்குகள் அடுத்த கிளைக்கு மாற்றப்படுகின்றன, அவ்வளவுதான். பெரிய இணைப்பு ஒன்று நடந்து ஓரிரு ஆண்டுகளில், ஒரே தெருவில் ஒரே வங்கிக்கு இரண்டு கிளைகள் எதற்கு என்ற கேள்வி எழும்போது இது வரும். வன்னிக்கு உண்மையான பாதிப்பைத் தரக்கூடியது இந்த நான்காவது வகைதான்.

சட்டம் எதைக் காக்கிறது

கம்பனிச் சட்டத்தின்படி இணைப்பு நிறைவேறியதும், இணைந்து உருவாகும் நிறுவனம் முந்தைய நிறுவனங்களின் சொத்துகள், உரிமைகள் மட்டுமன்றி, கடன்களையும் கடப்பாடுகளையும் சேர்த்தே ஏற்கிறது. வைப்பாளரின் பணம் வங்கியின் கணக்கில் ஒரு கடப்பாடு, அதாவது வங்கி உங்களுக்குத் தரவேண்டிய கடன். கிணற்றுப் பங்குள்ள காணியை வாங்கியவர் அயலாரின் தண்ணீர் உரித்தை மறுக்க முடியாததைப் போல, புதிய வங்கி கட்டடத்தையும் இலாபத்தையும் எடுத்துக்கொண்டு வைப்புகளை விட்டுவிட முடியாது. இவை அனைத்துக்கும் முன்பாக மத்திய வங்கியின் அனுமதியும் வேண்டும்.

இதிலிருந்து வருபவை:

நிலையான வைப்பு முதிர்வு வரை ஒப்புக்கொண்ட வட்டியிலேயே தொடரும். புதுப்பிக்கும்போது புதிய வங்கியின் வீதம் வரும். கடன் எடுத்தவரின் கடனும் அப்படியே தொடரும். கடனாளியோடு பிணையாளரின் பொறுப்பும் தொடரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "நான் கையெழுத்து வைத்தது அந்த வங்கிக்கு, இந்த வங்கிக்கல்ல" என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது.

நகை அடகும் ஒரு கடன்தான். கடனுடன் சேர்ந்து நகையைப் பாதுகாத்துத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் புதிய வங்கிக்குப் போகிறது. ஆனால் இங்கே பற்றுச்சீட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பவுண் சங்கிலி ஒன்றுக்கான சீட்டில் எடை கிராமில் இருக்கும், மாற்று கரட்டில் இருக்கும், மதிப்பிட்ட பெறுமதி, கொடுத்த தொகை, மீட்கவேண்டிய இறுதித் திகதி, அடகு வைத்தவரின் முகவரி ஆகியவை இருக்கும். இணைப்பால் இறுதித் திகதி ஒரு நாளும் தள்ளிப்போவதில்லை. தவணை கடந்தால் ஏல அறிவித்தல் அந்தச் சீட்டில் உள்ள முகவரிக்கே போகும். மீள்குடியேற்றத்துக்கு முன் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தவர்கள், வீட்டுத்திட்டத்தில் வேறு ஊருக்குப் போனவர்கள் வன்னியில் ஏராளம். புதிய வங்கிக்கு உங்களை முகம் தெரியாது. "அக்கா, தவணை முடிகிறது" என்று சந்தையில் கண்டு சொல்லும் பழைய உத்தியோகத்தர் மாற்றலாகிப் போயிருப்பார். நகை போவது இப்படித்தான்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது

விடுதலைப் புலிகளின் நிர்வாகப் பகுதியில் 1994 இல் தமிழீழ வைப்பகம் தொடங்கப்பட்டது. மக்கள் அதில் சேமித்தார்கள், நகை அடகு வைத்தார்கள். 2009 மே மாதத்துடன் அது இல்லாமற்போனது. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனமாக அது இருக்கவில்லை என்பதால் அதன் கடப்பாடுகளை ஏற்கச் சட்டப்படி ஒரு வாரிசும் இருக்கவில்லை. போரின்போது மீட்கப்பட்டு இராணுவத்தின் பொறுப்பில் இருந்த நகைகளின் ஒரு தொகுதி 2025 மே மாதம்தான் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள். தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டுப் பங்கருக்குள் ஓடிய ஒரு பெண்ணுக்கு, வங்கிக் கதவில் ஒட்டப்படும் எந்த அறிவித்தலும் சாதாரணக் கடதாசியாக இருக்க முடியாது.

ஆகவே இந்த வேறுபாட்டை வங்கிகளே வாய்திறந்து விளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாலு வரி அறிவித்தல் வன்னிக்குப் போதாது. உரிமம் பெற்ற வங்கி இணையும்போது வாரிசு யார் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு செய்தியை முகாமையாளர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கமக்கார அமைப்பிலும் போய்ச் சொன்னால், வைப்பை உடைத்து வட்டியை இழக்க வேண்டிய நிலை பலருக்கு வராது.

17, 6, 1: ஒரு வங்கியின் வரலாறு

இணைப்பு ஒரு கிளையை என்ன செய்யும் என்பதற்கு இலங்கையில் தெளிவான உதாரணம் பிரதேச அபிவிருத்தி வங்கி.

1985 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகள் தோன்றின. மாவட்டத்தை அடிப்படையாகக் கொண்ட சிறு வங்கிகள், மொத்தம் 17. கொழும்பு வங்கிகள் கணக்கில் எடுக்காத சிறு விவசாயிக்கும் கைத்தொழிலாளிக்கும் கடன் கொடுப்பதே அவற்றின் வேலை. யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு மாவட்டத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டது. பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். ஒரு மாவட்டத்தில் மழை பொய்த்தால் அந்த வங்கியின் கடனாளிகள் எல்லோரும் ஒரே பருவத்தில் தவணை தவறுவார்கள். இழப்பைப் பகிர்ந்துகொள்ள வேறு மாவட்டம் இராது.

1997 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டம் இந்த 17 ஐயும் ஆறு அபிவிருத்தி வங்கிகளாக்க வழிசெய்தது: ருகுணு, ரஜரட்ட, வயம்ப, ஊவா, கந்துரட்ட, சப்ரகமுவ. இந்தப் பெயர்களை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. பிறகு 2008 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆறும் ஒன்றாகி, 2010 மே 1 ஆம் திகதி இன்றைய பிரதேச அபிவிருத்தி வங்கி தொடங்கியது. நாடு முழுவதற்குமான வங்கி என்று ஆனபிறகே வவுனியா, கிளிநொச்சி போன்ற நகரங்களில் அதன் பெயர்ப்பலகை பரவலாகத் தெரியத் தொடங்கியது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியைப் பொறுத்தவரை அந்த இணைப்பு ஒரு கிளையையும் மூடவில்லை. கிளைகள் வர அது வழி செய்தது. சிறு மாவட்ட வங்கிகளாகவே இருந்திருந்தால், போர் முடிந்த மண்ணில் கட்டடம் எடுத்து, ஆட்களை நியமித்து, பிணைச் சொத்தில்லாத விவசாயிக்குக் கடன் கொடுக்கும் மூலதனம் அவற்றிடம் இருந்திராது. இணைப்பு எல்லாமே கேடு என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே இணைப்பு, முடிவெடுக்கும் இடத்தை மாவட்டத்திலிருந்து தலைமையகத்துக்குக் கொண்டுபோனது. மாவட்டத்து ஆட்கள் மாவட்டத்துக்கு முடிவெடுப்பது என்ற 1985 இன் அடிப்படை எண்ணம் வன்னிக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிளை வந்தபோது அந்த அதிகாரம் ஏற்கெனவே மேலே போய்விட்டிருந்தது.

பதிவேடு: உண்மையான ஆபத்து

இரண்டு வங்கிகள் இணையும்போது இரண்டு கணினி அமைப்புகள் ஒன்றாக வேண்டும். பெரும்பாலும் ஒரு வார இறுதியில் பழைய தரவுகள் எல்லாம் புதிய அமைப்புக்கு மாற்றப்படும். கணக்கு இலக்கம் மாறலாம், கிளைக் குறியீடு மாறலாம், வங்கிக் குறியீடு மாறலாம். இயங்கிக்கொண்டிருக்கும் கணக்குக்கு இது ஒரு வாரத் தொந்தரவு. வன்னியில் இயங்காத கணக்குகள் பல. அங்கேதான் சிக்கல்.

கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் தேசிய மின்வலையமைப்பு எட்டாத ஆண்டுகளில், ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்ட காலம் உட்பட, அரச வங்கிகளின் கிளைகள் இங்கே இயங்கின. அரச ஊழியர் சம்பளமும் ஓய்வூதியமும் அவற்றின் வழியாகவே வந்தன. 2009 இல் இடம்பெயர்ந்தோருக்காகச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அரச வங்கிகள் கிளைகளைத் திறந்தன. உடுத்த உடையோடு வந்தவர்கள் கையில் மிஞ்சிய காசை அங்கே வைப்பிலிட்டார்கள். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கு திறந்த கணக்குக்கு அதன்பின் வேறொரு தாய்க்கிளை வேண்டும். இப்படி ஒரே மனிதரின் பெயரில் மூன்று முகவரிகளில், மூன்று காலங்களில் திறந்த கணக்குகள் சிதறிக் கிடக்கின்றன.

இவை புதிய அமைப்புக்குப் போகும்போது இடறும் இடங்கள்:

1. அடையாள அட்டை. பழைய கணக்கில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண் இருக்கும். கையிலோ 12 இலக்க அட்டை. இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதைக் கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும்.

2. பெயர். தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் பாஸ் புத்தகத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருக்கும். திருமணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்து, பின் கணவனின் முதலெழுத்து. ஊர்க் கிளையில் காசாளர் முகத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்ட வேறுபாட்டைப் புதிய அமைப்பு இரண்டு ஆட்கள் என்று பதிந்துவிடும்.

3. பத்து ஆண்டு விதி. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ், பத்து ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் இல்லாத வைப்பு கைவிடப்பட்ட சொத்தாகக் கருதப்பட்டு மத்திய வங்கிக்கு மாற்றப்படும். 2009 உடன் அசையாமல் நின்ற கணக்குகளுக்கு அந்தப் பத்து ஆண்டு 2019 இல் முடிந்துவிட்டது. பணம் அழிந்துபோகாது, உரிமையாளர் வங்கியூடாகக் கோரிப் பெறலாம். ஆனால் கோருவதற்கு எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த இலக்கம் என்பது தெரிய வேண்டும். வங்கியின் பெயரே மாறியபின், நனைந்து ஒட்டிப்போன ஒரு பாஸ் புத்தகத்தின் முதல் பக்கம்தான் ஒரே சான்றாக இருக்கும். அதை எறிந்துவிடாதீர்கள்.

4. கணக்கு உரிமையாளர் காணாமற்போனவராக இருத்தல். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்க 2016 இல் சட்டம் திருத்தப்பட்டது. அவரது சொத்து தொடர்பான காரியங்களைக் கவனிக்க அது பயன்படும். கரும பீடத்தில் இருக்கும் புதிய உத்தியோகத்தருக்கு இது தெரியாமல் இருக்கலாம். மரணச் சான்றிதழைக் கொண்டுவா என்று ஒரு தாயிடம் சொல்வதற்கு முன் அவருக்கு அது சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

கணக்கு இலக்கம் மாறினால் அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவு, ஓய்வூதியம், வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணம் எல்லாமே புதிய இலக்கத்துக்குத் திருப்பப்பட வேண்டும். ரொறன்ரோவிலிருந்து மகள் பழைய இலக்கத்துக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போனால், அந்த மாத மருந்துச் செலவு நின்றுவிடும்.

வைப்புக் காப்புறுதியில் ஒரு கணக்கு

வங்கி முறிந்தால் ஈடு செய்வதற்கு 2010 ஒக்டோபர் முதல் கட்டாய வைப்புக் காப்புறுதித் திட்டம் உண்டு. உச்ச வரம்பு இப்போது ஒரு வைப்பாளருக்கு, ஒரு நிறுவனத்தில், 11 இலட்சம் ரூபா. ஒருவர் இரண்டு வங்கிகளில் பத்துப் பத்து இலட்சம் வைத்திருந்தால் இருபதும் காப்புக்குள் இருந்தது. இரண்டும் ஒரே நிறுவனமானால் இருபதுக்குக் கிடைக்கக்கூடியது 11 இலட்சம். காணி விற்ற காசையோ இழப்பீட்டையோ பிரித்து வைத்தவர்கள் இதைக் கணக்கிட வேண்டும். மற்றவர்களுக்கு இது பொருட்டல்ல.

கிளை போனால்

வைப்பையும் கடனையும் காக்கும் சட்டம், கிளை இந்த ஊரிலேயே இருக்கும் என்று எங்கும் சொல்வதில்லை. கிளையை மூட மத்திய வங்கியின் அனுமதி தேவை. அனுமதி கிடைத்தால் மூடலாம்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ34 வீதியில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். துணுக்காய், மல்லாவி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற இடங்களில் ஒரு கிளை மூடப்பட்டால், அடுத்த கிளைக்குப் போய்வர ஒரு நாட்கூலி போகும். பணம் எடுக்கும் இயந்திரம் இருக்கிறதே என்பார்கள். இயந்திரம் காசு தரும். நகை அடகு எடுக்காது, பயிர்ச்செய்கைக் கடன் விண்ணப்பம் வாங்காது, பெயர் வேறுபாட்டைத் திருத்தாது.

கடனில் காலம்தான் முக்கியம். காலபோகத்துக்கு விதைக்கும் விவசாயிக்கு உழவுக்கும் விதைநெல்லுக்கும் காசு மழைக்கு முன் வேண்டும். இரணைமடுக் குளத்திலிருந்து சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று கூட்டத்தில் தீர்மானித்த மறுநாளே, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்கு இந்தப் போகம் வயல் இல்லை என்பது ஊர் முகாமையாளருக்குத் தெரியும். அந்தத் தீர்மானத்தை அறியாத தலைமையகம் விண்ணப்பத்தைப் பரிசீலித்து முடிக்கும்போது மழை வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் வாராந்தத் தவணைக்கு நுண்கடன் கொடுப்பவர் வாசலுக்கு வருகிறார். வன்னிப் பெண்கள் அதற்குக் கொடுத்த விலை நாடறிந்தது; 2018 இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் நுண்கடன் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அது போனது. ஒரு கிளையை மூடுவதால் மிச்சமாகும் வாடகையையும் சம்பளத்தையும் கணக்கிடும் அறிக்கையில் இந்தச் செலவு வருவதில்லை. அது வேறு வீட்டில் விழுகிறது.

இணைப்பு அறிவிப்பு வந்தால்

1. பாஸ் புத்தகத்தைக் கிளையில் பதிந்து இன்றைய மீதியை அச்சில் எடுங்கள். வைப்புச் சான்றிதழ், அடகுப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள். சீட்டின் மை மங்கிவிடும்.

2. முகவரி, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை எண் மூன்றையும் தரவு மாற்றத்துக்கு முன்பே திருத்துங்கள். பின்பு திருத்துவது அதிக அலைச்சல்.

3. புதிய நிபந்தனைகளைத் தமிழில் எழுத்தில் கேளுங்கள்.

4. வங்கி பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

5. கிளை மூடப்படும் என்ற பேச்சு எழுந்தால், கமக்கார அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம், பிரதேச சபை ஆகியவை அனுமதி கிடைப்பதற்கு முன்பே மத்திய வங்கிக்கு எழுத வேண்டும். எத்தனை ஓய்வூதியர்கள், எத்தனை அஸ்வெசுமக் குடும்பங்கள் அந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கிறார்கள், அடுத்த கிளைக்கு பஸ் எத்தனை தடவை ஓடுகிறது என்ற விவரங்களோடு எழுத வேண்டும். பிரதேச செயலகத்திடம் குடும்பங்களின் எண்ணிக்கையும், பஸ் சாலையிடம் (டிப்போவிடம்) நேர அட்டவணையும் கேட்டுப் பெறலாம்.